பி53 பாசிட்டிவ் என்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் முற்றிவிடும் என்று பொருளா?

உங்கள் அப்பாவின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த கட்டிக்கு ‘டி1, ஹை கிரேடு’ என்று அறிக்கை வந்திருக்கிறது. அதற்குக் கீழே ‘பி53 பாசிட்டிவ், கேஐ-67 40%’ என்று இரண்டு புரதங்களைப் பற்றிய இரண்டு வரிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் தேடப் போக, ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு புரதத்தைக் காட்டி, நோய் முற்றுவதை முன்கூட்டியே சொல்வது இதுதான் என்கிறது. எதை நம்புவது, இன்னும் எந்தெந்தப் புரதங்களைப் பரிசோதிக்கச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி புரதத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன். இந்தக் கட்டி தசைக்குள் இறங்குமா? இறங்கும் என்றால் காத்திருக்காமல் சிறுநீர்ப்பையை இப்போதே எடுத்துவிட வேண்டுமா? இந்த முடிவை எடுக்கக் கைகொடுக்கும் புரதம்தான் உங்களுக்கு வேண்டும். அப்படி ஒரு தனிப் புரதம் இன்று வரை இல்லை. அதனால் அறிக்கையில் உள்ள அந்த இரண்டு வரிகள் பொய் என்று ஆகிவிடாது. அவற்றால் சொல்ல முடிந்தது எவ்வளவு, முடியாதது எவ்வளவு என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். இப்படிப்பட்ட திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். பல ஆண்டுகளாக அதைச் செய்து வருகிறேன். சிகிச்சையை முடிவு செய்பவர் சிறுநீரகவியல் நிபுணரும் புற்றுநோய் மருத்துவரும்தான். உங்கள் அப்பாவின் கண்ணாடித் தகடுகளை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு இன்னது நடக்கும் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு வருபவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி தசையைத் தொடாத நிலையில்தான் இருக்கும். உட்பூச்சோடு நின்றுவிட்டால் டிஏ. அதற்கு அடியில் உள்ள இணைப்புத் திசுவுக்குள் நுழைந்திருந்தால் டி1. தசைக்குள் போய்விட்டால் டி2. கிரேடு என்பது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகித் தெரிகின்றன என்பது; ஹை கிரேடு என்றால் அதிகம் விலகிய, மோசமான கட்டி. கட்டியாக எழாமல் உட்பூச்சிலேயே தட்டையாகப் பரவும் மோசமான வகை ஒன்றும் உண்டு, அதைச் சுருக்கமாக சிஐஎஸ் என்போம். இந்த நோயில் கட்டி மறுபடி வருவது ஒன்று, முற்றுவது இன்னொன்று. மறுபடி வருவது மிகச் சாதாரணம். தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் சுரண்டி எடுத்துவிடலாம். முற்றுவது என்றால் தசைக்குள் இறங்குவது. அதற்குப் பிறகு சிகிச்சையே வேறு, உயிருக்கான ஆபத்தும் வேறு. நீங்கள் படித்த கட்டுரைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கும். ஒரு புரதம் ‘நோயின் போக்கை முன்கணிக்கிறது’ என்று படித்தால், எந்தப் போக்கை என்று முதலில் பாருங்கள்.

முற்றுவதற்கான வாய்ப்பைக் கணிக்க ஐரோப்பியக் கூட்டு ஆய்வுக் குழுவான ஈஓஆர்டிசி 2006-ல் ஒரு புள்ளி அட்டவணை வெளியிட்டது. கட்டிகளின் எண்ணிக்கை, 3 சென்டிமீட்டருக்கு மேலா கீழா, முன்பு எத்தனை முறை வந்தது, டி நிலை, சிஐஎஸ் உண்டா, கிரேடு என்ன என்ற ஆறு விவரங்கள்தான் அதில் உண்டு. புரதம் எதுவும் இல்லை. இந்த ஆறை மட்டும் வைத்து, ஐந்து ஆண்டுகளில் முற்றும் வாய்ப்பை 1 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து 45 சதவீதம் வரை பிரித்துக் காட்ட முடிந்தது. 2021-ல் ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கம், முதல்முறையாகக் கட்டி வந்த சுமார் 3,400 பேரின் விவரங்களைக் கொண்டு நான்கு ஆபத்துப் பிரிவுகளைப் புதிதாக வகுத்தது. குறைந்த ஆபத்தில் ஐந்தாண்டு முற்றும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. நடுத்தரத்தில் சுமார் 5. அதிக ஆபத்தில் சுமார் 10. மிக அதிக ஆபத்தில் சுமார் 40. இந்தக் கணக்கில் வந்தவர்கள், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி நோய் எதிர்ப்பைத் தூண்டும் பிசிஜி மருந்தைப் பெறாதவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இதிலும் புரதம் இல்லை. 70 வயதைத் தாண்டியவரா என்பது உண்டு, பி53 கிடையாது. வகுத்தவர்களுக்கு பி53 பற்றித் தெரியாமல் இல்லை.

டி1 ஹை கிரேடு கட்டியில் எந்தப் புரதத்தையும் விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: சுரண்டி எடுத்த மாதிரியில் தசை இருந்ததா? தசையே மாதிரியில் இல்லை என்றால், ‘தசைக்குள் போகவில்லை’ என்று என்னால் எழுத முடியாது. ‘தெரியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், தசை இல்லாத டி1 மாதிரிகளில் ஏறத்தாழப் பாதி, மறுமுறை சுரண்டியபோது தசைக்குள் இறங்கியவையாகத் தெரிய வந்தன. தசை இருந்த மாதிரிகளில் அது 14 சதவீதம். இதனால்தான் டி1 என்று வந்தால் சில வாரங்களுக்குள் மறுபடி ஒருமுறை உள்ளே கருவியைச் செலுத்தி அதே இடத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது சுரண்டல் தரும் தகவலின் பக்கத்தில்கூட எந்தப் புரதமும் வரவில்லை. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி பி53. இது இயல்பான செல்லிலும் உண்டு. டிஎன்ஏ பழுதானால் செல் பிரிவதை நிறுத்துவதும், பழுது மீறிப் போனால் செல்லைச் சாகவைப்பதும் அதன் வேலை. இயல்பான பி53 உற்பத்தியான சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். ஆகவே சாயம் ஏற்றிப் பார்த்தால் மிகக் குறைவாகவே தெரியும். மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டால் உருவாகும் கோணல் புரதம் சிதையாமல் செல்லின் கருவில் குவிகிறது. அந்தக் குவியலைத்தான், குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியும் பழுப்புச் சாயமும் கொண்டு நாங்கள் பார்க்கிறோம். ‘பாசிட்டிவ்’ என்பது இதைத்தான். ஆனால் பிறழ்வு எல்லாம் இப்படிக் குவிவதில்லை. சில பிறழ்வுகளில் புரதமே உருவாகாது. அங்கே சாயம் துளிகூட ஏறாது. அதுவும் அசாதாரணமே. பழைய ஆய்வுகள் பல, சாயம் ஏறாததை எல்லாம் ‘நெகட்டிவ், நல்லது’ என்று ஒரே கூடையில் போட்டுவிட்டன.

பி53-ன் கதை இந்தத் துறைக்கே ஒரு பாடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1994-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. சிறுநீர்ப்பை அகற்றப்பட்ட 243 பேரின் கட்டிகளில் பி53 குவிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் மரணமும் தெளிவாக அதிகம் என்று அது காட்டியது. உற்சாகம் பிறந்தது. அடுத்த பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் குவிந்தன. 2005-ல் அவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து அலசியவர்கள், இவ்வளவு ஆய்வுக்குப் பிறகும் பி53 பயனுள்ள குறியீடுதானா என்று தீர்மானிக்கப் போதுமான சான்று இல்லை என்று எழுதினார்கள்.

பிறகு சரியான சோதனை நடந்தது. சிறுநீர்ப்பை அகற்றப்பட்டு, நோய் உறுப்போடு நின்றவர்களில் 499 பேருக்கு பி53 பார்த்தார்கள். 10 சதவீதத்துக்கு மேல் செல்கருக்களில் சாயம் ஏறியிருந்தால் பாசிட்டிவ். 272 பேர் பாசிட்டிவ். அவர்களில் சம்மதித்த 114 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குக் கீமோதெரபி, மறு சாராருக்கு வெறும் கண்காணிப்பு. 2011-ல் முடிவு வெளியானது. கீமோவால் பி53 பாசிட்டிவ் குழுவுக்குப் பலன் தென்படவில்லை. அதைவிட முக்கியமானது, பாசிட்டிவ் ஆனவர்களுக்கும் நெகட்டிவ் ஆனவர்களுக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடே காணவில்லை. முறையாக முன்னோக்கி, அதாவது முன்கூட்டியே திட்டமிட்டு நோயாளிகளைத் தொடர்ந்து சோதித்தபோது 1994-ன் தெளிவு மறைந்துவிட்டது. குலுக்கலுக்குச் சம்மதித்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, நோய் திரும்பியவர்களும் குறைவு. ஆகவே கீமோ பற்றிய பகுதி முழுமையான தீர்ப்பு அல்ல என்று வாதிடலாம், அது நியாயமான வாதம். ஆனால் ‘பி53 பாசிட்டிவ், அதனால் முற்றும்’ என்று ஒரு மனிதரிடம் சொல்லும் உரிமையை அந்தச் சோதனை பறித்துவிட்டது என்பதே என் கருத்து.

ஏன் இப்படி ஆகிறது? யாரும் பொய் சொல்லவில்லை. பிரச்சினை ஆய்வு செய்யும் விதத்தில் இருக்கிறது. அலமாரியில் இருக்கும் பழைய திசுக்களை எடுத்து, ஒரு சாயம் போட்டு, யார் பிழைத்தார்கள் யார் இறந்தார்கள் என்ற பட்டியலோடு பொருத்திப் பார்ப்பது எளிது. எத்தனை சதவீதத்துக்கு மேல் ‘அதிகம்’ என்று சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல், 5, 10, 20, 30 என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வேறுபாடு எங்கே அழகாகத் தெரிகிறதோ அதையே எல்லையாக அறிவிப்பதும் எளிது. இப்படிச் செய்தால், 5 சதவீதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பொய்க் கண்டுபிடிப்பின் வாய்ப்பு 40 சதவீதம் வரை ஏறலாம் என்று புள்ளியியலாளர்கள் 1994-லேயே எச்சரித்திருந்தார்கள். அதே ஆண்டுதான் பி53 கட்டுரையும் வந்தது. போதாக்குறைக்கு, வேறுபாடு காணாத ஆய்வுகள் பத்திரிகைகளில் ஏறுவது குறைவு. 2005-ல் ரீமார்க் என்ற நெறிமுறை வந்தது. முன்கணிப்புக் குறியீட்டு ஆய்வுகள் எதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அது பட்டியலிட்டது. நல்ல நெறிமுறை. அதைப் பின்பற்றாத கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆய்வகத்துக்குள் நடக்கும் கோளாறுகளை வெளியில் இருப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை. திசு ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் கிடந்தது, எந்த நிறுவனத்தின் எந்த ஆன்டிபாடி, எந்தச் சூட்டில் திசுவைத் தயார்செய்தார்கள், எண்ணியது யார், எல்லாமே விடையை மாற்றும். சுரண்டி எடுத்த துண்டுகளின் விளிம்பு மின்சூட்டில் கருகியிருக்கும். அங்கே சாயம் தாறுமாறாக ஏறும். இதற்கு எம்ஆர்இ11 என்ற புரதம் நல்ல உதாரணம். டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் கூட்டத்தைச் சேர்ந்தது. கட்டியில் இது அதிகம் இருந்தவர்களுக்குக் கதிர்வீச்சு நன்றாக வேலை செய்தது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை என்று 2010-ல் ஓர் ஆய்வு சொன்னது. அறுவையா, கதிர்வீச்சா என்று தேர்ந்தெடுக்க உதவும் புரதம்! எனக்கே ஆவலாக இருந்தது. பிறகு வேறு நோயாளிகளிடம் சரிபார்க்க முயன்றபோது அதே முடிவைத் திரும்பக் காட்ட முடியவில்லை. ஆன்டிபாடியின் ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் உள்ள மாறுபாடு, எண்ணும் முறை, ஒரே கட்டிக்குள் இடத்துக்கு இடம் மாறும் அளவு என்று சாயத்தின் குளறுபடிகளே காரணமாகப் பேசப்பட்டன. உயிரியல் சரியாகவே இருக்கலாம். அதை அளக்கும் கோல் சரியில்லை.

கேஐ-67 வேறு வகை. பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் மட்டும் தெரியும் புரதம் அது. நூறு செல்களில் நாற்பது சுழற்சியில் இருக்கின்றன என்பதே உங்கள் அறிக்கையின் 40%. வேகமாகப் பிரியும் கட்டி மெதுவாகப் பிரியும் கட்டியைவிட மோசம் என்பதில் ஐயமில்லை. ஏராளமான ஆய்வுகள் அந்தத் திசையில்தான் பேசுகின்றன. ஆனால் ஹை கிரேடு என்று நான் எழுதும்போதே வேகமாகப் பிரிவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கிரேடு தெரிந்த பிறகு கேஐ-67 கூடுதலாகச் சொல்வது கொஞ்சம்தான். 40 என்ற எண்ணைக் கண்டு உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். ஹை கிரேடு கட்டியில் அது எதிர்பார்க்கக்கூடிய எண்தான். அதே கட்டியில் வேறோர் இடத்தை எண்ணினால் 25 வரலாம், 50-ம் வரலாம். எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதில் ஆய்வுகளுக்குள் ஒற்றுமையும் இல்லை.

ஒன்று போதாது என்றால் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்த்தார்கள். பி53, பி21, பி27, ஆர்பி, சைக்ளின் ஈ1, கேஐ-67 என்று செல் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் புரதங்களில் எத்தனை கெட்டிருக்கின்றன என்று எண்ணினால், எண்ணிக்கை கூடக் கூடப் போக்கும் மோசமாகிறது. இது தனி பி53-ஐவிட நம்பத்தக்க கருத்து. ஒரு காவலர் தூங்கினால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார், எல்லோரும் தூங்கினால்தான் திருட்டு. முன்னோக்கிய ஆய்விலும் ஐந்து புரதங்களின் தொகுப்பு கணிப்பைக் கொஞ்சம் மேம்படுத்தியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிறுநீர்ப்பை அகற்றப்பட்டவர்கள் என்பதால், அகற்றுவதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு அது நேரடி விடை தருவதில்லை. அந்தத் தொகுப்பைப் பார்த்து சிகிச்சையை மாற்றியதால் யாராவது கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டிய சோதனையும் இல்லை.

இ-கேட்ஹெரின் என்ற பெயரும் நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருக்கிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம். அது குறைந்தால் பரவல் அதிகம் என்று பொதுவாகச் சொல்வது மங்கலான செய்தி. ஆனால் பிளாஸ்மாசைட்டாய்டு என்ற அரிய வகையில் அது அடியோடு இல்லாமல் போவது தெளிவான, மரபணு வரை நிரூபிக்கப்பட்ட உண்மை. ஒட்டுதல் இழந்த செல்கள் தனித்தனியாக ஊர்ந்து வயிற்றறை வரை போகும். இங்கே புரதம் ஒரு வகையை அடையாளம் காண உதவுகிறது. ஆபத்தைச் சொல்வது அந்த வகையின் பெயர்தான். மைக்ரோபாப்பில்லரி, சிறுசெல் வகைகளுக்கும் இதே கதை. அறிக்கையில் இப்படி ஏதாவது வகைப் பெயர் இருந்தால் அதற்கு பி53-ஐவிடப் பல மடங்கு மதிப்புக் கொடுங்கள்.

புரதச் சாயங்கள் உண்மையில் எங்கே எனக்குத் தினமும் கைகொடுக்கின்றன என்றால், நோயை அடையாளம் காண்பதில்தான். தட்டையான உட்பூச்சில் இது சிஐஎஸ்ஸா, வெறும் அழற்சியா என்று குழம்பும்போது சிகே20, சிடி44, பி53 மூன்றையும் சேர்த்துப் போடுவோம். இயல்பான உட்பூச்சில் சிகே20 மேல் அடுக்கில் மட்டும் தெரியும், சிடி44 கீழ் அடுக்கில் தெரியும். சிஐஎஸ் என்றால் சிகே20 முழுத் தடிமனுக்கும் ஏறி, சிடி44 காணாமல் போகும். உங்கள் அப்பாவின் அறிக்கையில் பி53 இந்தக் காரணத்துக்காகவே போடப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் அது ஆரூடம் அல்ல, அடையாளச் சோதனை. எதற்காகப் போட்டார்கள் என்று அந்த ஆய்வக மருத்துவரையே கேட்டுவிடுங்கள், சொல்வார்கள்.

தசைக்குள் இறங்கிய கட்டிகளை மரபணு வெளிப்பாட்டின் அடிப்படையில் பிரிக்கும் வேலையும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரிதாக வளர்ந்தது. டிசிஜிஏ என்ற அமெரிக்கத் திட்டம் 2014-ல் 131 கட்டிகளையும், 2017-ல் 412 கட்டிகளையும் அலசியது. 2020-ல் பல குழுக்கள் கூடி ஆறு வகைகள் என்று ஒத்துக்கொண்டன. பெரிய பிரிவினை, உட்பூச்சின் மேல் அடுக்குச் செல்களை ஒத்த லூமினல், அடி அடுக்குச் செல்களை ஒத்த பேசல் என்ற இரண்டுக்கும் இடையில்தான். இதைத் தோராயமாகக் காண கேட்டா3, சிகே5/6 என்ற இரண்டு புரதச் சாயங்களே பெரும்பாலும் போதும். பேசல் வகை இயல்பாகவே வேகமானது; ஆனால் கீமோவுக்கு அது நன்றாக இணங்கலாம் என்று சில தரவுகள் சொல்கின்றன. இந்த ‘இணங்கலாம்’ இன்னும் உறுதியாகவில்லை. உங்கள் அப்பாவின் கட்டி டி1. இந்தப் பிரிவினை பெரும்பாலும் டி2-ம் அதற்கு மேலும் உள்ளவர்களின் கட்டிகளில் உருவானது.

ஒரு குறியீடு நோயின் போக்கைச் சொல்லலாம்; அல்லது ஒரு குறிப்பிட்ட மருந்து வேலை செய்யுமா என்று சொல்லலாம். இரண்டும் வெவ்வேறு, மருத்துவர்களே சில நேரம் கலந்துவிடுகிறார்கள். பிடி-எல்1 என்ற புரதம் இதற்குச் சாட்சி. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் பிடி-எல்1 அதிகமுள்ள கட்டியில் சிறப்பாக வேலை செய்யும் என்பது எதிர்பார்ப்பு. 2018-ல் வெளியான ஐஎம்விகர்211 சோதனையில், பிடி-எல்1 அதிகமுள்ளவர்களில் அப்படிப்பட்ட மருந்தான அட்டிசோலிசுமாப் பெற்றவர்களின் இடைநிலை (மீடியன்) வாழ்நாள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.1 மாதம், கீமோ பெற்றவர்களுக்கு 10.6 மாதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் குழுவில் கீமோ பெற்றவர்களும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள். அதாவது அங்கே அந்தப் புரதம் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவவில்லை. போதாததற்கு, ஒரு சோதனை நோய் எதிர்ப்பு செல்களை மட்டும் எண்ணுகிறது, இன்னொன்று கட்டி செல்களையும் சேர்த்து எண்ணுகிறது. ஒரே மனிதர் ஒரு சோதனையில் ‘அதிகம்’, இன்னொன்றில் ‘குறைவு’. இதே வகையைச் சேர்ந்த, அறுவைக்குப் பின் தரும் நிவோலுமாப் மருந்தை, இரு அமைப்புகளும் ஒரே சோதனைத் தரவைப் பார்த்துவிட்டு, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு பிடி-எல்1 எதுவாக இருந்தாலும் தரலாம் என்றது. ஐரோப்பிய அமைப்பு கட்டி செல்களில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றது. நிபுணர்களின் நிலை இது. நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை.

என் பார்வையில், புரதங்கள் ஆரூடக்காரர்களாகத் தோற்று, மருந்தின் இலக்குகளாக வென்றிருக்கின்றன. நெக்டின்-4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் விஷத்தை இறக்கும் என்ஃபோர்டுமாப் வெடோட்டின், நோய் எதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாபோடு சேர்ந்து, பரவிய நோயில் இடைநிலை வாழ்நாளை 16.1 மாதத்திலிருந்து 31.5 மாதமாக ஆக்கியது. பெரும்பாலான கட்டிகளில் நெக்டின்-4 இருப்பதால் அதைப் பரிசோதிக்கக்கூடத் தேவையில்லை. ஹெர்2 என்ற புரதத்தின் சாயம் மிக வலுவாக, அதாவது 3+ என்று ஏறியிருந்தால், முந்தைய சிகிச்சைகள் பலிக்காத பரவிய நோயில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானுக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எஃப்ஜிஎஃப்ஆர்3 இன்னொன்று. அந்த மரபணுவின் பிறழ்வு லோ கிரேடு டிஏ கட்டிகளில் மிக அதிகம். அங்கே அது சாதுவான போக்கின் அறிகுறி. பரவிய நோயில் அதே பிறழ்வு இருந்தால் எர்டாஃபிட்டினிப் மருந்துக்குத் தகுதி. ஆனால் இதற்குப் புரதச் சாயம் போதாது, மரபணுச் சோதனையே வேண்டும். இவை எல்லாம் பரவிய நிலைக்கான பேச்சு. உங்கள் அப்பா அங்கே இல்லை.

சிறுநீர்ச் சோதனைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்எம்பி22, பிடிஏ போன்றவை கட்டி இருக்கிறதா, திரும்பி வந்ததா என்று தேடுபவை; முற்றுமா என்று சொல்பவை அல்ல. கிருமித்தொற்று, கல், சமீபத்தில் செய்த சுரண்டல் எல்லாம் இவற்றை ஏமாற்றும். பிடிஏ தேடும் புரதம், இரத்தத்தில் இயல்பாகவே உள்ள காம்ப்ளிமென்ட் ஃபாக்டர் ஹெச்சுக்கு நெருங்கிய உறவு; ஆக, சிறுநீரில் இரத்தம் கலந்தாலே பாசிட்டிவ் காட்டக்கூடும். சிறுநீரில் இரத்தம் என்பதுதானே இந்த நோயின் முதல் அறிகுறியே. சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபிக்கு இவை மாற்று அல்ல. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, அல்புமின் போன்ற புரதங்கள் முற்றிய நோயில் போக்கைக் காட்டும். ஆனால் அவை உடலின் பொதுநிலையைச் சொல்பவை, இந்தக் கட்டிக்கே உரியவை அல்ல.

ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருசேர அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, கணினியே சாயத்தை எண்ணும் முறைகள் எல்லாம் ஆய்வுலகில் வேகமாக நகர்கின்றன. மனிதக் கண் எண்ணுவதன் குளறுபடியைக் கணினி குறைக்கும் என்று நம்புகிறேன். ஆனால் ஆயிரம் புரதங்களை இருநூறு நோயாளிகளில் அளந்தால், தற்செயலாகப் பொருந்துபவை சில டஜன் கட்டாயம் கிடைக்கும். பி53-க்கு நேர்ந்தது பெரிய அளவில் திரும்ப நேரலாம். வேறு நோயாளிகளிடம், வேறு ஆய்வகத்தில், எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுச் சரிபார்த்தார்களா என்று மட்டும் பார்ப்பேன். என்னைக் கேட்டால், அடுத்த சில ஆண்டுகளில் முடிவுகளை மாற்றப்போவது புரதமல்ல. அறுவைக்குப் பிறகு இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ. அதுவும் தசைக்குள் இறங்கியவர்களுக்குத்தான் இப்போதைக்கு.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. புதிதாகப் புரதச் சோதனைகளுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மாதிரியில் தசை இருந்ததா, இரண்டாவது சுரண்டல் எப்போது, சிஐஎஸ் இருந்ததா, இரத்த நாளங்களுக்குள் அல்லது நிணநாளங்களுக்குள் கட்டி நுழைந்திருந்ததா, அரிய வகை ஏதேனும் சொல்லப்பட்டதா, ஐரோப்பிய வகைப்பாட்டில் இது அதிக ஆபத்தா, மிக அதிக ஆபத்தா என்று கேளுங்கள். மிக அதிக ஆபத்து என்றால் சிறுநீர்ப்பையை முன்னதாகவே எடுப்பதைப் பற்றிய பேச்சை மருத்துவரே எடுப்பார். எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள். மற்றபடி பிசிஜியை முழுத் தவணையும், அதன் தொடர்ச்சித் தவணைகளையும் விடாமல் முடிப்பதும், குறித்த நாளில் சிஸ்டோஸ்கோபிக்குப் போவதும், அப்பா புகைபிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவதும் அறிக்கையில் உள்ள அந்தக் கேஐ-67 40 சதவீதத்தைவிட அதிகம் எண்ண வேண்டியவை. தகடுகளில் ஐயம் இருந்தால், சிறுநீரகவியல் திசுக்களை அதிகம் பார்க்கும் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டி இரண்டாம் கருத்துக் கேட்கலாம். டி1-ஆ டி2-ஆ என்பதில் அனுபவமுள்ள இருவர் வேறுபடுவது நடப்பதுதான், அந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றும். அதற்காகத் தகடுகளை வாங்கும்போது, கட்டி பதிந்த பாரஃபின் பிளாக்குகளை ஆய்வகம் எத்தனை ஆண்டு வைத்திருக்கும் என்றும் விசாரித்து, அவற்றின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஹெர்2 அல்லது எஃப்ஜிஎஃப்ஆர்3 பார்க்க வேண்டி வந்தால் அந்த பிளாக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.